தெருவுக்கு அடியில் பிளந்த பாறை

கோச்சடையில் எங்கள் தெரு சர்வேக்குள் வருகிறது என்று வரைபடத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மதுரை நகரத்துக்கு அடியில் பாறை எங்கெங்கே பிளந்து கிடக்கிறது, அந்தப் பிளவுகளால் நிலத்தடி நீர் எங்கே தேங்குகிறது, எங்கே வராமல் போகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. வைகைக்குத் தெற்கே, மேற்குப் புறநகரிலிருந்து ஊருக்குள் போகும்படி ஒரு கோடு போட்டிருந்தோம். அளப்பதற்கான இரும்புக் கம்பியைத் தார் ரோட்டில் அடிக்க முடியாது. அதனால் காலி மனை, பள்ளிக்கூட மைதானம், மண் ஓரம் உள்ள தெரு என்று கிடைத்த இடத்தையெல்லாம் இணைத்துக்கொண்டே போனதில், கோடு நேராக எங்கள் வீட்டு வாசலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு எதிர் வீட்டு மனைக்குள் போய்விட்டது.

எதிர் வீடு என் சித்தப்பாவுடையது. அப்பாவும் அவரும் பல வருடங்களாகப் பேசுவதில்லை.

என்னோடு சர்வே வேலை பார்க்கிற நண்பரிடம் கேட்டேன், "கோட்டை ஒரு தெரு தள்ளிப் போட்டுக்கலாமா?"

அவர் என் வயதுக்காரர். வீட்டில் சௌராஷ்டிர பாஷை பேசுகிற குடும்பம். அவருடைய அம்மா மத்தியானம் தவறாமல் போன் செய்து சாப்பிட்டாயா என்று அந்த பாஷையில் கேட்பார். கணினியில் கோட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவுல ரெண்டு பக்கமும் சிமெண்டுங்க. கம்பி இறங்காது. உங்க தெருவை விட்டா வழியில்ல" என்றார்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவே ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்து வயல். நடுவில் ரோடு விட்டு மனையாக்கியபோது மேற்குப் பக்கம் அப்பாவுக்கும் கிழக்குப் பக்கம் சித்தப்பாவுக்கும் வந்தது. அப்பா வீட்டுக் கொல்லையில் வெட்டிய கிணற்றில் ஆழம் போகும் முன்பே தண்ணீர் வந்துவிட்டது. சித்தப்பா கிணறு வெட்டினார், பாறை. போர் போட்டார், புகை மாதிரி வெள்ளைத் தூள்தான் வந்தது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்து மறுபடி போட்டார். மறுபடியும் தூள். ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா பக்கத்து இலைக்காரரிடம், "அண்ணன் எல்லாந் தெரிஞ்சேதான் மேக்கால எடுத்துக்கிட்டாரு" என்று சொன்னது அப்பா காதில் விழுந்தது. அப்பா இலையை மூடாமலேயே எழுந்து வந்துவிட்டார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அந்த வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வேறு யார் கையிலாவது வரும், போகமாட்டோம்.

அனுமதி கேட்க நானே போனேன். சித்தி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, உள்ளே திரும்பி, "என்னங்க, யாரு வந்திருக்கான்னு பாருங்க" என்றார். சித்தப்பா பனியனோடு வந்தார். வயதாகிவிட்டிருந்தது. தெருவில் தினமும் பார்க்கிற ஆள்தான். பக்கத்தில் பார்த்தால்தான் அது தெரிந்தது.

"வா தாயி, உக்காரு" என்றார். விஷயத்தைச் சொன்னேன். மனையில் வரிசையாக இரும்புக் கம்பி அடிப்போம், வயரில் இணைத்து மின்சாரம் விடுவோம், கீழே இருக்கிற பாறை அதை எவ்வளவு தடுக்கிறது என்று கருவி அளக்கும், ஈரம் இருக்கிற இடத்தில் மின்சாரம் லேசாகப் போகும், கெட்டிப் பாறையில் போகாது என்றேன்.

"நீரோட்டம் பாக்குறதுதானே?"

"கிட்டத்தட்ட அதான் சித்தப்பா. ஆனா தேங்காய் கிடையாது."

சித்தி சிரித்துவிட்டார். சித்தப்பா சிரிக்கவில்லை. "தாராளமா அடிச்சுக்க. ஒண்ணு மட்டும் சொல்லு. உங்கப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? அதை உம் மிஷினு சொல்லுமா?" என்று கேட்டார்.

சொல்லாது என்றேன். அவர் தலையாட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தோம். எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து கம்பிகளை அடித்துக்கொண்டே வந்து, தெருவைத் தாண்டி, சித்தப்பா மனையின் முன் ஓரம் வழியாகப் பின்பக்கம் வரை போனோம். மண் காய்ந்து கிடந்ததால் ஒவ்வொரு கம்பிக்கும் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. "கேஸ் லைனா?", "இண்டர்நெட்டா?", "பூகம்பம் வரப்போகுதா மேடம்?" என்று கேள்விகள். ஒரு அண்ணன் பைக்கை நிறுத்தி, "எங்க வீட்டுலயும் அப்படியே ரெண்டு கம்பி அடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றார். அப்பா மாடியிலேயே இருந்தார். கீழே இறங்கி வரவேயில்லை. சித்தப்பா தன் கேட்டுக்குள்ளேயே நின்றார், தெருவுக்கு வரவில்லை.

முதல் படம் வந்தபோது எங்களுக்கே ஒன்றும் புரியவில்லை. மின்சாரம் லேசாகப் போகிற இடம் நீலமாகவும், போகாத இடம் சிவப்பாகவும் கணினியில் வரும். எங்கள் கொல்லை நீலம், சித்தப்பா பின்மனை அடர்ந்த சிவப்பு. அதுவரை சரி. ஆனால் நடுவில் தெருவுக்கு அடியில் ஒரு நீலப் பட்டை செங்குத்தாக இறங்கி, ஆழம் போகப்போகச் சாய்ந்து, சித்தப்பா வீட்டு முன்வாசலுக்குக் கீழே போயிருந்தது.

"தண்ணியா?" என்றேன்.

"சாக்கடையா இருக்கும்" என்றார் அவர்.

மறுநாள் அவரே, "தண்ணிதாங்க" என்றார். அதற்குள் நான் சாக்கடை என்ற முடிவுக்கு வந்திருந்தேன். தெருவில் கழிவுநீர்க் குழாய் போகிறது, இரும்புக் குழாய் போகிறது. களிமண்ணும் நீலமாகத்தான் காட்டும். நல்ல தண்ணீரும் நீலம், உப்புத் தண்ணீர் இன்னும் நீலம். ஊருக்கு வெளியே டி. கல்லுப்பட்டிப் பக்கம் வெட்டவெளியில் சர்வே செய்தபோது இந்தக் குழப்பம் இருந்ததில்லை. அங்கே கருவி சொல்வதை ஓரளவு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நகரத்துக்குள் மனிதர்கள் புதைத்து வைத்திருப்பது எது, பூமி வைத்திருப்பது எது என்று பிரிப்பதற்குள் தலை சுற்றிவிடுகிறது.

கம்பிகளின் இடைவெளியை மாற்றி மறுபடி அளந்தோம். மழை பெய்து முடிந்து ஒரு முறை அளந்தோம். வைகையில் தண்ணீர் விட்டிருந்த சமயத்தில் இன்னொரு முறை. மேலாக இருந்த நீலம் ஒவ்வொரு தடவையும் மாறியது. அது குழாய், சாக்கடை சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். ஆழத்தில் சாய்ந்து போன பட்டை மட்டும் மாறவில்லை. அங்கே பாறை உடைந்து நழுவியிருக்கிறது; உடைந்த இடம் நொறுங்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது; அதன் கிழக்கு ஓரத்தில் பாறை மாவாக அரைபட்டுக் களிமண்ணாகி அடைத்திருக்கிறது. மேற்கிலிருந்து வருகிற தண்ணீர் அந்தக் களிமண்ணைத் தாண்ட முடியாமல் எங்கள் பக்கமே நின்றுவிடுகிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் ஒருவழியாக ஒத்துக்கொண்டோம். சித்தப்பாவுக்குத் தண்ணீர் இல்லாமல் இத்தனை வருடம் கழிந்ததற்குக் காரணம் தெருவுக்குக் கீழே இருந்தது.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். "பாத்தீங்களாப்பா, நடுவுல ஒரு சுவரு மாதிரி நிக்குது. இந்தப் பக்கத் தண்ணி அந்தப் பக்கம் போகாது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப நான் ஒண்ணுஞ் செய்யலைல?" என்றார்.

"நீங்க என்ன செய்ய முடியும்?"

எழுந்து போகப் போனவரைப் பிடித்து, பல வருடங்களாகக் கேட்காமலிருந்ததைக் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"என்ன தெரியும்? கோடையில மேக்கால மட்டும் அருகம்புல்லு காயாம நிக்கும். மாட்டை அங்கதான் கட்டுவோம். அது உங்க சித்தப்பனுக்குந்தான் தெரியும். அவனைத்தான் முதல்ல எடுக்கச் சொன்னேன். கிழக்கால மெயின் ரோட்டுக்குப் பக்கம்னு அவனே கேட்டு வாங்கினான்."

படத்தை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சுவர் மாதிரி என்று அதே விளக்கத்தைச் சொன்னேன். அப்பா சொன்னதையும் சொன்னேன்.

"நானா கேட்டேன்?" சித்தப்பாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தாயி. வரப்புல நின்னு, நீ கிழக்கால எடுத்துக்கடான்னு அவருதான் கையக் காட்டினாரு. புல்லா? என்ன புல்லு? மாடு கட்டுனது தெக்கு ஓரத்துல."

இரண்டு பேர் சொன்னதிலும் பொய் இருப்பதாக எனக்குப் படவில்லை. இரண்டும் நடந்திருக்கவும் முடியாது. அங்கே உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டே, பாறைக்குள் நடந்ததைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுலபம் என்று நினைத்தேன்.

பேச்சை மாற்றுவதற்காகத்தான் அந்த நீலப் பட்டை அவர் முன்வாசலுக்குக் கீழே சாய்ந்து போவதைச் சொன்னேன். இதுவரை போட்ட போர் எல்லாம் பின்பக்கம், வடகிழக்கு மூலையில். ஈசானியத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர்கள் சொன்னதால் எல்லாரும் அங்கேயேதான் குத்தியிருக்கிறார்கள். அங்கே பிளவு மிக ஆழத்தில் இருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில், தெரு ஓரமாகத் தென்மேற்கில் போட்டால் அந்தப் பட்டையைத் தொட வாய்ப்பிருக்கிறது.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த இடம்?"

வெளியே வந்து காட்டினேன். பின்னால் வந்த சித்தி அந்த இடத்தைப் பார்த்ததுமே, "அது கன்னி மூலைல? கன்னி மூலையில போய் யாராச்சும் குழி தோண்டுவாகளா? குடும்பத்துக்கு ஆகாதும்மா" என்றார்.

"இம்புட்டு நாளு ஈசானியத்துல தோண்டி என்ன ஆச்சு?" என்றார் சித்தப்பா.

"அதுக்காக?"

தண்ணீர் கட்டாயம் வரும் என்று என்னால் சொல்ல முடியாது, வாய்ப்பு மட்டும்தான் இருக்கிறது என்று பல தடவை சொன்னேன். அந்த இருவரும் அதைக் காதில் வாங்கவேயில்லை. அவர்கள் வாக்குவாதம் மூலையைப் பற்றி மட்டும்தான் நடந்தது. கடைசியில் சித்தி இடுப்பில் கைவைத்து நின்று, "கொஞ்சம் வடக்கால தள்ளிப் போட்டா உங்க மிஷினு கோவிச்சுக்குமா?" என்று என்னிடம் கேட்டார். பிளவு வடக்கு தெற்காக ஓடுவதாகத்தான் நாங்கள் நினைத்தோம். கொஞ்சம் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்றேன். கேட்டுக்கும் மூலைக்கும் நடுவில் ஒரு இடம் முடிவாயிற்று. சித்தி அதில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

போர் வண்டி வந்த அன்று தெரு முழுவதும் தூசி. எங்கள் வீட்டு ஜன்னல்களை அப்பா ஒவ்வொன்றாகச் சாத்தினார். மாடி ஜன்னல் ஒன்றை மட்டும் சாத்தவில்லை. நான் சித்தப்பா பக்கத்தில் நின்றேன். முதலில் மண், பிறகு அதே வெள்ளைத் தூள். வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "மேடம், கெட்டிப் பாறை. இதுக்கு மேல போவணுமா?" என்று கத்திக் கேட்டார். சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே நான் போகச் சொன்னேனா நிறுத்தச் சொன்னேனா என்று இப்போது சரியாக ஞாபகமில்லை. அவர் போய்க்கொண்டேயிருந்தார். தூள் திடீரென்று சாம்பல் நிறமாகிப் பிசுபிசுத்தது. களிமண் என்று என் நண்பர் என் காதில் சொன்னார். அதற்கப்புறம் ஒரு உலுக்கல். பழுப்புத் தண்ணீர் கேட்டுக்கு மேலே எழும்பி எங்கள் எல்லார் மேலும் விழுந்தது.

சித்தி அழுதார். சித்தப்பா நனைந்த சட்டையோடு எங்கள் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

வெயில் ஏறிய மாதங்களில் எங்கள் கிணறு இறங்க ஆரம்பித்தது. ஒரு காலையில் மோட்டார் போட்டால் தண்ணீருக்குப் பதில் காற்று வந்தது. அப்பா கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னவோ புரியாத ஆள் மாதிரி நின்றார்.

"சுவருன்னு சொன்னேல்ல பாப்பா? அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொன்னே."

சொன்னது உண்மைதான். நானும் என் நண்பரும் எங்கள் கிணற்றில் அளவுமானியை இறக்கி உட்கார்ந்தோம். சித்தப்பா மோட்டார் போட்டால் எங்கள் மட்டம் மெதுவாக இறங்கியது. நிறுத்தினால் ஏறியது. அப்படியென்றால் குறுக்கே போகவிடாமல் தடுக்கிற அதே பிளவு, தன் நெடுக்கில் தண்ணீரை நன்றாக ஓடவிடுகிறது; அதன் மேல்முனையில் எங்கள் கிணறு, கீழ்முனையில் அவர் போர்; களிமண்ணைக் குத்திக்கொண்டு அவர் உள்ளே வந்துவிட்டார். இப்படி எழுதிவைத்தோம். கிணறு வற்றியதைச் சொல்லாமல், இரண்டும் ஒரே தண்ணீர் என்று மட்டும் சித்தப்பாவிடம் சொன்னேன். அடுத்த இரண்டு நாளும் சித்தப்பா மோட்டாரே போடவில்லை. ஆனாலும் எங்கள் மட்டம் இறங்கியது. பின் தெருவில் புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடிக்காரர்கள் உறிஞ்சுகிறார்களா, வெயிலா, பிளவு நாங்கள் நினைத்ததற்கு மேலும் எங்கேயாவது கிளை விட்டிருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார் என் நண்பர். பிறகு அதையும் அழித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு யோசிப்போம் என்றார்.

எங்கள் கிணறு வற்றிய சேதி சித்தப்பாவுக்கு எப்படிப் போனது என்று தெரியாது. தண்ணீர் லாரி எங்கள் வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்திருப்பார். அடுத்த நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது, ஒரு நீளமான பச்சை ஓஸ் தெருவைக் குறுக்காகக் கடந்து எங்கள் கேட்டுக்குள் வந்து கிடந்தது. எதிரே சித்தப்பா தன் கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே நின்றார்.

அப்பா பேப்பரை எடுக்க வந்தவர் ஓஸைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பேப்பரை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா நின்றார்.

"தொட்டியில போடுங்கண்ணே. மோட்டாரு ஓடிக்கிட்டிருக்கு. தண்ணி வீணாப் போகுது."

உண்மையிலேயே தண்ணீர் எங்கள் வாசலில் பெருகி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பேப்பரை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ஓஸின் முனையை எடுத்தார். தொட்டிக்குக் கொண்டுபோகும் முன் கையில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குதுடா" என்றார்.

"அது உங்க கிணத்துத் தண்ணிதாண்ணே! உங்க மகதான் சொன்னா, ரெண்டும் ஒண்ணுன்னு."

"எங்க கிணத்துத் தண்ணி இம்புட்டு உப்பு கிடையாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் பற்பசை நுரையோடு நின்றேன். ஆழத்தில் பாறைக்குள் அதிக நாள் கிடந்த தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும். அப்படியானால் அது வேறு தண்ணீர். வேறு தண்ணீர் என்றால் எங்கள் கிணறு ஏன் வற்றியது? "தெரியலப்பா, டெஸ்டுக்குக் குடுத்துத்தான் பாக்கணும்" என்றேன். அப்பாவுக்கு என் பதிலில் திருப்தியில்லை. சித்தப்பாவுக்கும் இல்லை. முதல் தடவையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய், படித்தவள் இவ்வளவுதானா என்று என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் கோடை முழுவதும் காலையில் ஓஸ் தெருவைத் தாண்டிக் கிடந்தது. உப்பைப் பற்றி அப்பா தினமும் குறை சொன்னார், தினமும் பிடித்தார். பாகப்பிரிவினையைப் பற்றி அவர்கள் ஒரு தடவை பேச ஆரம்பித்து, வரப்பில் யார் எங்கே நின்றது என்பதிலேயே சண்டை வந்து, பாதியில் விட்டுவிட்டார்கள். சோதனை முடிவு வந்தபோது அதில் இரண்டு தண்ணீரும் கலந்திருப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்றும், கலக்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. ஓஸின் மேல் பைக் ஏறினால் ஓட்டி வந்தவர் திட்டுவார். பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்துக்கு அப்பா இந்தப் பக்கமும் சித்தப்பா அந்தப் பக்கமும் நின்று, ஓஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். வேன் அடியில் நுழைந்து போகும். இன்னும் கொஞ்சம் தூக்கு, இன்னும் கொஞ்சம் தூக்கு என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டேயிருப்பார்கள்.